பதினேழு ஒன்றுகள்

எங்க வீட்டுக்காரவுக ஆரம்பிச்சுட்டாக. நாற்காலிய இழுத்தது கேட்டுச்சு, கண்ணாடிக் கூடு தொறந்தது கேட்டுச்சு, லென்ஸ மேசையில வச்சது கேட்டுச்சு. மணி ஆறரை. இனி ஏழேகால் வரைக்கும் அந்த ரூமுக்குள்ள நான் போகக் கூடாது, அவுகளும் வெளிய வர மாட்டாக. முருங்கைக்கீரை ரெண்டு கத்தை கெடக்கு, உருவ வேண்டியதுதான். முந்தியெல்லாம் ஒரு வகுத்தலுக்கு ஒரு கத்தை சரியா இருக்கும். இருபது நிமிசத்துல முடிச்சுட்டு எந்திரிச்சிருவாக. இப்பக் கண்ணு போனதுல இருந்து ரெண்டு கத்தை ஆகுது. இடது கண்ணு முழுசாப் போச்சு, வலது கண்ணு பொங்கலுக்கு மேல தாங்காதுன்னு ஆஸ்பத்திரியில எங்க ரெண்டு பேரையும் உக்கார வச்சே சொல்லிட்டாக. இவுக சரின்னு மட்டும் சொன்னாக. இப்ப ஐப்பசி பாதி. ஏழேகாலுக்குக் கூப்பிடுவாக, ஏட்டி பாத்துருன்னு. நான் கையத் தொடச்சுக்கிட்டுப் போயி, அந்தப் பக்கத்தச் சரிபாத்து, கீழ 'ஆ'ன்னு எழுதணும். ஆவுடைங்கதுக்கு ஆ. அப்பச் சொல்லிரணும். இன்னிக்குச் சொல்லிரணும். நேத்தும் இப்படித்தான் நெனைச்சேன், முந்தாநாளும் நெனைச்சேன். ஆடி மாசத்துல இருந்து தெனமும் ஆறரைக்கு நெனைக்கேன், ஏழேகாலுக்கு ஆ போட்டுட்டு வந்துருதேன்.

மழை விட்டு விட்டுப் பெய்யுது. ஓட்டுல விழுகுற சத்தத்துல அவுக முணுமுணுக்கது சரியாக் கேக்க மாட்டேங்கு. பதினொண்ணுல ஏழு போனா நாலு, ஒண்ணு கடன். கடன் வாங்கத மட்டும் சத்தமாச் சொல்லுவாக, மறந்துரக் கூடாதுன்னு. முப்பது வருசமா காலையில இந்த வீட்டுல கேக்குற சத்தம் இதுதான். மத்த வீடுகள்ல பிள்ளைகள் பள்ளிக்கூடம் கெளம்புற சத்தம் கேக்கும், இங்க ஒண்ணு கடன். நான் ஒண்ணும் குறையாச் சொல்லல. குறையாச் சொன்னா என்ன, யாரு கேக்கப் போறா. மதுரை டாக்டரம்மா, பிள்ளைக்குன்னு இனிமே மருந்து மாத்திரை வேண்டாம்மா, மனசத் தேத்திக்கோங்கன்னு சொல்லி அனுப்பின அன்னிக்கு ஆரம்பிச்சது இது. மாசி மாசம். பஸ்ஸுல ஜன்னலோரம் உக்காந்து அழுதுக்கிட்டே வாரேன், முப்பத்தோரு வயசு எனக்கு, சீட்டுல எல்லாரும் பாக்காக. இவுகளுக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. சர்வேயருக்குச் சங்கிலி பிடிக்கத் தெரியும், நிலத்த அளக்கத் தெரியும், அழுகுற பொம்பளைட்ட என்ன பேசணும்னு எவன் சொல்லிக் குடுத்தான். பஸ் டிக்கெட்டப் பின்னால திருப்பி ஒண்ணு ஒண்ணு ஒண்ணுன்னு எழுதிக்கிட்டே போனாக. தாளு ஓரம் வர்ற வரைக்கும் எழுதினாக, பதினேழு ஒண்ணு வந்துச்சு. அத என் மடியில வச்சு, நீ பி.எஸ்ஸி. கணக்குல்லா, இது எந்த எண்ணாலயாச்சும் மீதியில்லாமப் போகுமா, சொல்லுன்னாக. எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் கிழிச்சுப் போட்டிருக்கணும். போடல. ராஜபாளையம் வாரதுக்குள்ள அழுகை நின்னுபோச்சு, மூணால போகாது, பதினொண்ணால போகாதுன்னு நான் சொல்லிக்கிட்டு இருந்தேன்.

அந்த வாரமே நான்தான் அத ஒரு ஒழுங்குக்குக் கொண்டு வந்தேன். பதினேழு ஒண்ண எது மீதியில்லாம வகுத்தாலும், அந்த எண்ண முப்பத்துநாலால வகுத்தா ஒண்ணுதான் மிஞ்சும். அதனால கண்டதையும் போட்டுப் பாக்க வேண்டாம், முப்பத்துநாலு முப்பத்துநாலாத் தாவிக்கிட்டே போகலாம், அதுலயும் பகா எண்ண மட்டும் போட்டாப் போதும். நூத்திமூணு, நூத்திமுப்பத்தேழு, எரநூத்தி முப்பத்தொம்பது, முன்னூத்தி ஏழு. இவுக அசந்து போயி என் மூஞ்சியப் பாத்தாக. கல்யாணமாகி ஏழு வருசத்துல அப்படி ஒரு பார்வை அன்னிக்குத்தான். அப்புறம் இன்னொரு கணக்கும் போட்டுச் சொன்னேன். பதினேழு ஒண்ணு பகா எண்ணாவே இருந்துட்டா, அதத் தீத்துச் சொல்லப் பத்துக் கோடி தாண்டிப் போகணும், தெனம் ஒண்ணு போட்டா ஆயிரம் வருசத்துக்கு மேல ஆகும்னு. சிரிச்சாக. அப்பப் பொழுது போகும்னாக. தெனம் ஒண்ணு, கூடவும் கூடாது, கொறையவும் கூடாது, மிசின்ட்டக் கேக்கக் கூடாது, அழிக்கக் கூடாது, தப்புன்னா அடிச்சுட்டுப் பக்கத்துல எழுதணும். இதெல்லாம் அவுக சர்வே ஆபீஸ் சட்டம். அளந்தவன் ஒருத்தன், சரிபாத்தவன் ஒருத்தன், ரெண்டு கையெழுத்தும் இல்லாம எந்த அளவும் செல்லாது. அவுக வகுப்பாக, நான் சரிபாப்பேன். மறுநாளைக்கான எண்ணச் சலிச்சு எடுத்து அடுத்த பக்கத்து உச்சியில எழுதி வைக்கதும் என் சோலி. காய்ச்சல்லயும் போட்டாக, எங்க மாமனார் செத்த அன்னிக்கு எழவு வீட்டுக் கொல்லையில உக்காந்து போட்டாக. ஊர்ல கிறுக்கன்னுதான் சொன்னாக. எனக்கும் ஒரு காலத்துல அப்படித்தான் தோணுச்சு. ஆனா நிறுத்துங்கன்னு ஒரு நாளும் சொல்ல வாய் வரல. ஒரு எண்ணு, ஒரே ஒரு எண்ணு மீதியில்லாமப் போயிருச்சுன்னா முடிஞ்சுது. அது எங்க இருக்குன்னு யாருக்குத் தெரியும்.

எனக்குத் தெரியும். சனியன், எனக்குத் தெரியும். கீரையில ஒரு புழு. தட்டி விட்டேன். ஆடி மாசம் கண்ணாஸ்பத்திரியில இவுகள உள்ள கூட்டிட்டுப் போயிட்டாக, வெளிய பெஞ்சில நான் உக்காந்திருந்தேன். பக்கத்துல ஒரு காலேஜ் பிள்ளை, அவ அப்பாவுக்குக் கண்ணு பாக்க வந்தவ, செல்லுல எதையோ தட்டிக்கிட்டு இருந்தா. எனக்கு ஒரே யோசனை, கண்ணு போயிட்டா இவுக எப்படி வகுப்பாக, இன்னும் எவ்வளவு தூரமோ, கிட்டத்துல இருந்தா ஒரு நாளைக்கு ரெண்டாப் போடச் சொல்லலாமேன்னு. ஒரே ஒரு தடவை கேட்டாத் தப்பில்லன்னு நெனைச்சேன். அவுகளுக்காகத்தான் கேட்டேன். ஏம்மா, இதுல பெரிய கணக்கெல்லாம் போடுமான்னேன். போடும் ஆன்ட்டி, சொல்லுங்கன்னா. ஒண்ணுன்னேன், போட்டா. இன்னொண்ணுன்னேன். பதினேழு தடவை சொன்னேன், அந்தப் பிள்ளை சிரிச்சுக்கிட்டே போட்டுச்சு. வெரல எடுக்கதுக்குள்ள வந்துருச்சு. ரெண்டு எண்ணு ஆன்ட்டி, பெருக்குனா இது வரும்னா. சின்னது 2071723, பெருசு 5363222357. மருந்துச் சீட்டுப் பின்னால எழுதிக்கிட்டேன். நாங்க அப்ப இருபத்து நாலு லட்சத்துல இருக்கோம். இருபது லட்சத்து எழுபத்தோராயிரத்த நாலு வருசத்துக்கு முந்தியே தாண்டியாச்சு. அது பின்னால இருக்கு. உள்ள இருந்து வந்து, என்ன ஏட்டி மூஞ்சி வெளுத்துக் கெடக்கு, கண்ணு எனக்குத்தான போகுதுன்னாக. பஸ்ஸுல வரும்போது என் கையப் பிடிச்சுக்கிட்டு, நாம தோத்துட்டோம், பரவால்ல, நல்லாத்தான் வெளாண்டோம்னாக. நான் ஜன்னலப் பாத்துக்கிட்டு வந்தேன்.

மறுநாள் அவுக கடைக்குப் போன நேரத்துல பரண்ல ஏறி எடுத்தேன். நாப்பத்தொம்பதாவது நோட்டு. உச்சியில என் கையெழுத்துல 2071723. நானே சலிச்சு எடுத்து, நானே எழுதிக் குடுத்திருக்கேன். அதுக்குக் கீழ அவுக எழுத்து, நேர் நேரா. ஈவுல அஞ்சு, மூணு, ஆறு, மூணு, ரெண்டு, எல்லாம் சரி. ஆறாவது வரியில 4631751-ல 4143446 போகணும். 488305 மிஞ்சணும். 478305-ன்னு எழுதியிருக்காக. ஒரு எட்டுக்குப் பதிலா ஒரு ஏழு. அவ்வளவுதான். வாங்காத கடன வாங்கினதா நெனைச்சுட்டாக. அங்க இருந்து எல்லாம் எறங்கிப் போயிருச்சு, கடைசியில மீதி 1514427-ன்னு அடிக்கோடு போட்டு முடிச்சிருக்காக. அடுக்களைத் தரையில உக்காந்து நான் சரியாப் போட்டுப் பாத்தேன். கடைசி வரியில 14502061-க்குக் கீழ அதே 14502061 வந்து நின்னுச்சு. சைபர். ஆயிரம் வருசத்துக்குள்ள எங்க வேணாலும் இருந்திருக்கலாம் அது. இருபத்தாறு வருசத்துலயே எங்க வாசல்ல வந்து நின்னிருக்கு, நாங்க போன்னு அனுப்பியிருக்கோம். நாங்க என்ன நாங்க. அவுக தப்புப் பண்ணலாம், தப்புப் பண்ணுவாகன்னுதான சரிபாக்க ஒரு ஆள் இருக்கு. ஒன்பது சோதனை ஒன்றரை நிமிசத்து வேலை. வகுத்த எண்ணோட இலக்கத்தயெல்லாம் கூட்டி ஒத்தை எண்ணாக்கு, ஈவ அதே மாதிரி ஆக்கு, ரெண்டயும் பெருக்கி மீதியக் கூட்டு. பதினேழு ஒண்ணக் கூட்டுனாப் பதினேழு, ஒண்ணும் ஏழும் எட்டு. அதனால தெனமும் எட்டு வரணும். எட்டு வந்தா ஆ போடணும். அந்தப் பக்கத்துல எட்டு வராது. நாலேழு இருபத்தெட்டு, மீதிக்கு ஆறு, முப்பத்துநாலு, மூணும் நாலும் ஏழு. ஏழுதான் வரும். கீழ ஆ போட்டிருக்கு. நல்லாச் சுழிச்சு, அழகா.

தேதி போட்டிருக்கு, ஆனி மாசம், புதன்கிழமை. அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு மூணு மாசமா யோசிக்கேன். எங்க அம்மா அன்னிக்குச் சாகல, அது தையில. எனக்கு மேலுக்கு முடியலையா, அப்படி ஒண்ணும் ஞாபகம் இல்ல. தங்கச்சி மக கல்யாணம் வைகாசியிலேயே முடிஞ்சுது. சண்டை போட்டோமா. போட்டாக்கூட நல்லா இருக்கும், கோவத்துல பாக்காமப் போட்டேன்னு சொல்லிக்கலாம். பால் பொங்கிச்சா, கேஸ்காரன் கதவத் தட்டினானா. புதன்கிழமை தண்ணி வாற நாளா அப்ப. ஒண்ணும் தட்டுப்படல. கீரை உருவினேனோ என்னமோ. அவுக கூப்பிட்டிருப்பாக, நான் போயிருப்பேன், ஆ போட்டிருப்பேன், வந்திருப்பேன். அன்னிக்கு ஒண்ணுமே நடக்கல. ஒண்ணும் நடக்காத ஒரு நாள்ல ஒருத்தருக்கு முப்பது வருசம் போயிருமா. போயிருச்சே. தெருவுல போறவகளப் பாத்தாக்கூட எனக்கு ஏழு ஏழுன்னு வருது. நாலேழு இருபத்தெட்டு. அந்தப் புதன்கிழமைய எப்படியாச்சும் பிடிச்சிரணும்னு இருக்கு, பிடிச்சிட்டா இதனாலதாங்கன்னு அவுககிட்டச் சொல்லிரலாம்.

அந்தா இருமுதாக. இருமல் வந்தா எடம் தப்பிரும், மறுபடி மேல இருந்து வரணும். இப்ப வரியே சரியாத் தெரியாம வெரல வச்சுக்கிட்டு எழுதுதாக, பேனா முனை வெரல்ல குத்தி மை அப்பிக் கெடக்கு. அந்த நாலு வருசத்துப் பக்கம் ஆயிரத்தைந்நூத்துக்கு மேல. அத்தனையும் வீண். வலது கண்ணுல இருந்த வெளிச்சத்த அதுல செலவழிச்சிருக்காக, நான் பாத்துக்கிட்டு இருந்திருக்கேன். சொன்னா என்னாகும். ஏசுவாகளா, ஏச மாட்டாக, அதான் பயமா இருக்கு. சொல்லாட்டி, பொங்கலுக்கு அப்புறம் இருட்டுல உக்காந்து தோத்துட்டோம்னு நெனைச்சுக்கிட்டே இருப்பாக. தோக்கல. சொல்லியாச்சுன்னா அவுக கண்ணாலயே போட்டு அந்தச் சைபரப் பாக்கலாம். இப்ப விட்டா முடியாது. இது எனக்குத் தெரியாமலா இருக்கு. அந்தப் புதன்கிழமையத் தேடிக்கிட்டு நாளக் கடத்துதேன். எதுக்குத் தேடுதேன்னும் தெரியும், தெரியாத மாதிரி இருக்கேன். மத்த நோட்டையும் பரண்ல பாத்தேன்லா. சோதனை போட்ட நாள்ல எட்டுன்னு சின்னதாப் பென்சில்ல ஓரத்துல எழுதுவேன், எனக்குன்னு. நாப்பத்தொம்பதாவது நோட்டுல அந்த எட்டே இல்ல. நாப்பத்தெட்டுல இல்ல. நாப்பத்தஞ்சுல அங்கங்க இருக்கு. அதுக்கு முந்தி பக்கத்துக்குப் பக்கம் இருக்கு. என்னைக்கோ ஒரு நாள் அவுக தப்பே பண்ணுறதில்லன்னு விட்டுட்டேன். அலுத்துப் போச்சு. அதுதான் நெசம். என்ன எண்ண வகுத்தாலும் எட்டு, மழைக்கும் வெயிலுக்கும் எட்டு, இதுக்குப் போயி ஒரு மனுசி படிச்சாளான்னு அலுத்துப் போச்சு. புதன்கிழமை மேல ஒரு குத்தமும் இல்ல.

"ஏட்டி, பாத்துரு."

ஒரு கத்தைகூட முடியல, மணி ஏழேகால். கையத் தொடச்சுக்கிட்டுப் போனேன். ரூம்ல எல்லா லைட்டும் எரியுது, ஜன்னல் தொறந்து கெடக்கு, சாரல் மேசையில அடிக்குது. மீதிக்குக் கீழ கோடு போட்டுட்டு லென்ஸத் தொடச்சுக்கிட்டு இருந்தாக. ஆடிக்கு அப்புறம் நான் சோதனை போடாம ஆ எழுதுறதே இல்ல, இப்ப யாருக்கு என்ன பிரயோசனம். பென்சில எடுத்துக் கூட்டினேன். நாலு வந்துச்சு. மறுபடி கூட்டினேன், நாலுதான். வரி வரியாப் பாத்துக்கிட்டே வந்தேன். அஞ்சாவது வரியில அவுக எழுதுன மூண அவுகளே எட்டுன்னு படிச்சிருக்காக.

"இங்க பாருங்க. இது மூணு. நீங்க எட்டுன்னு எடுத்துட்டீங்க."

லென்ஸ வச்சுக் குனிஞ்சு ரொம்ப நேரம் பாத்தாக. அப்புறம் அங்க இருந்து அடிச்சுட்டு, பக்கத்துல மறுபடி போட்டாக. நான் நின்னுக்கிட்டே இருந்தேன். ஒண்ணு கடன், ஒண்ணு கடன். முடிக்கக் கால் மணி நேரம் ஆச்சு. கூட்டினேன், எட்டு வந்துச்சு. நாற்காலியில சாஞ்சுக்கிட்டு, மூஞ்சியெல்லாம் ஒரு நிம்மதியோட சொன்னாக:

"கண்ணு போனாப் போகுது. முப்பது வருசத்துல உன்னத் தாண்டி ஒரு தப்புப் போனதில்ல. எனக்கு அது போதும்."

ஸ்டூல இழுத்து உக்காந்தேன். ஆ போடாம அடுத்த பக்கத்தத் திருப்பி, தடிச்ச பேனாவ எடுத்தேன். இப்ப எண்ணப் பெருசு பெருசா எழுதினாத்தான் அவுகளுக்குத் தெரியும். 2 எழுதினேன். 0 எழுதினேன். லென்ஸப் பிடிச்சு ஒவ்வொண்ணாப் பின்னாலயே படிச்சுக்கிட்டு வந்தாக. 7. 1. 7. 2. 3.

"இது முந்தியே போட்டதுல்லா. இருபத்து நாலு லட்சத்துலல்லா இருக்கோம்."

"ஆமா. போட்டதுதான்."

"மீதி வந்துருக்குமே."

"வந்துச்சு. தப்பா வந்துச்சு. ஒரு எட்ட ஏழுன்னு எழுதிட்டீங்க. நான் அன்னிக்குப் பாக்கல. பாக்காம ஆ போட்டுட்டேன்."

லென்ஸ மேசையில வச்சாக. ஜன்னலப் பாத்தாக, ஜன்னல்ல என்ன தெரியும் அவுகளுக்கு, வெள்ளையா ஒரு வெளிச்சம் தெரியும். அப்புறம் கேட்டாக:

"மிசின்ட்டக் கேட்டியோ?"

"கேட்டேன். ஆடியில."

தலைய ஆட்டிக்கிட்டாக. அடுத்து அதத்தான் கேக்கப் போறாகன்னு எனக்குத் தெரிஞ்சுது, மூணு மாசமா அதுக்குத்தான் பயந்துக்கிட்டு இருந்திருக்கேன்.

"அன்னிக்கு மட்டுமா?"

"இல்ல," ன்னேன்.

எத்தனை நாள்னு கேக்கல. கேட்டா எனக்கும் சொல்லத் தெரியாது. சாரல்ல நோட்டு நனையுதேன்னு ஜன்னலச் சாத்தப் போனேன், சாத்த வேண்டாம் வெளிச்சம் போயிரும்னாக. குரல்ல கோவம் இல்ல, ஒண்ணுமே இல்ல.

"இப்பவே போட்டுப் பாத்துருங்களேன்," ன்னேன். "சைபர் வரும். நான் பக்கத்துலயே இருக்கேன்."

"ஒரு நாளைக்கு ஒண்ணுதான. இன்னிக்கு ஆயிட்டு." கண்ணாடியக் கழட்டி வேட்டியில தொடச்சு மறுபடி போட்டுக்கிட்டாக. "நாளைக்குப் பாப்போம். இன்னிக்கு உள்ளதுக்கு நீ இன்னும் கையெழுத்துப் போடலையே."

பக்கத்தப் பின்னால திருப்பினேன். அவுக அடிச்சு எழுதுன வரிக்கெல்லாம் கீழ, மீதிக்கும் கீழ, ஆன்னு எழுதினேன். நல்லாத்தான் எழுதினேன். நோட்டத் தன் பக்கமா இழுத்துக்கிட்டாக. லென்ஸ எடுத்தாக, என் பென்சில எடுத்தாக. உச்சியில இருக்குற எண்ணோட மொத இலக்கத்துல வெரல வச்சு, ஒன்பது சோதனைக்கு அவுகளே ஒவ்வொண்ணாக் கூட்டி, நான் போட்ட ஆவுக்குக் கீழ எழுத ஆரம்பிச்சாக.